பழைய ஃபேஷன் புகைப்படம் வாங்கும் முன்: உடை, தாள், ரசீது மூன்றையும் பாருங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய பழைய ஃபேஷன் புகைப்படத்தை 1950-களின் படம் என்று சொல்லித்தான் விற்றார்கள். கறுப்பு வெள்ளை. இடுப்பைச் சிக்கென்று பிடித்த கோட், குடை மாதிரி விரிந்த பாவாடை, முழங்கை வரை கையுறை. நல்ல ஃபிரேம் போட்டு வந்தது. எட்டு மாதம் கழித்துக் கண்ணாடியில் விரிசல் விழுந்து ஃபிரேமைப் பிரித்தபோதுதான் முதன்முறையாகப் பின்பக்கத்தைப் பார்த்தேன். பிளாஸ்டிக் பூசிய தாள், விரல் வழுக்கிக்கொண்டு போனது. படம் எடுத்தது 1950-களில்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அந்தத் தாள் அப்போது சந்தைக்கே வரவில்லை. திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அன்றைக்கு மண்டையில் ஏறிய விஷயம் இது. ஒரு பழைய புகைப்படத்துக்கு இரண்டு பிறந்த தேதி உண்டு. நெகட்டிவ் பதிவான நாள் ஒன்று, அதைத் தாளில் அச்சிட்ட நாள் இன்னொன்று. உடை முதல் தேதியைச் சொல்லும். தாள் இரண்டாவதைச் சொல்லும். இரண்டையும் எழுத்தில் கட்டிப்போடுவது ரசீது. கீழே உள்ள படிகளை இந்த வரிசையில் செய்தால் நான் இழந்த காசு உங்களுக்கு மிச்சம்.

1. முதலில், விற்பவர் எதை விற்கிறார் என்று கேளுங்கள்

"வின்டேஜ்" என்ற சொல்லைப் பலரும் "பழைய தோற்றம்" என்ற பொருளில் அள்ளி வீசுகிறார்கள். புகைப்படச் சந்தையில் அதற்குக் குறிப்பான பொருள் உண்டு. படம் எடுத்த காலத்தை ஒட்டியே, பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள், புகைப்படக்காரரோ அவர் மேற்பார்வையிலோ அச்சிட்டதுதான் வின்டேஜ் பிரிண்ட். பழைய நெகட்டிவிலிருந்து பல ஆண்டுகள் கழித்து அச்சிட்டது லேட்டர் பிரிண்ட். புகைப்படக்காரர் இறந்த பிறகு அவருடைய வாரிசுகளோ அறக்கட்டளையோ அச்சிட்டது எஸ்டேட் பிரிண்ட். பத்திரிகை அலுவலகங்களுக்காக அச்சிட்டு அனுப்பியது பிரஸ் பிரிண்ட். இருக்கும் ஒரு பிரிண்டையே மறுபடி படம் பிடித்து அச்சிட்டது காப்பி பிரிண்ட். காப்பி பிரிண்டில் நிழல் பகுதிகள் கரியாக அடைத்துக்கொண்டு, துணியின் நெசவு மழுங்கிப் போயிருக்கும்.

லேட்டர் பிரிண்ட் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். யானைகளுக்கு நடுவே மாடல் டோவிமா நிற்கும் படத்தைப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடான் 1955 ஆகஸ்டில் பாரிஸில் எடுத்தார். 1978-ல் அச்சிட்ட அதன் பெரிய பிரிண்ட் ஒன்று 2010-ல் பாரிஸ் ஏலத்தில் 8 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. அச்சிட்ட ஆண்டை ஒளிக்காமல் சொல்லித்தான் விற்றார்கள். ஒளித்தால்தான் பிரச்சினை.

இன்னொரு பொறி, ஃபிரேம் போட்ட பத்திரிகைப் பக்கம். பழைய இதழைக் கிழித்து, ஓரம் வெட்டி, மவுண்ட் செய்து "1930-களின் ஃபேஷன் புகைப்படம்" என்று விற்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன உருப்பெருக்கியை வைத்துக் கன்னத்தையோ வானத்தையோ பாருங்கள். வரிசை பிடித்த புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்து வேலை. உண்மையான பிரிண்டில் சாம்பல் நிறம் வழுக்கிக்கொண்டே போகும். பத்திரிகைப் பக்கம் வாங்குவது தப்பே இல்லை, என்னிடமும் இருக்கிறது. அதற்குரிய விலையில் வாங்குங்கள்.

2. உடையைப் பாருங்கள், ஆனால் அது பாதிச் சாட்சிதான்

உடை உங்களுக்குச் சொல்வது "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்பதை மட்டும். "இதற்குப் பின்னால் இருக்க முடியாது" என்று அது ஒருநாளும் சொல்லாது. பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் பெண்களுக்கான டக்சிடோவை, அதாவது ஆண்களின் விருந்து சூட் மாதிரியான உடையை, முதலில் காட்டியது 1966-ல். புகைப்படக்காரர் ஹெல்முட் நியூட்டன் இரவுத் தெருவில் எடுத்த அதன் புகழ்பெற்ற படம் 1975. உடை பேரை மட்டும் வைத்துத் தேதி போட்டால் ஒன்பது வருடம் சறுக்குவீர்கள்.

சரி, பத்தாண்டு பத்தாண்டாக நான் எதைப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். இது மேற்கத்திய ஃபேஷன் பத்திரிகைப் படங்களுக்கான கணக்கு. சந்தையில் அதிகம் புழங்குவதும் அவைதான்.

1910-களின் தொடக்கத்தில் இடுப்புக்கோடு மார்புக்குச் சற்றுக் கீழே ஏறி நிற்கும். பாவாடை கணுக்காலில் குறுகி, நடக்கவே விடாது. 1915, 1916 வாக்கில் அதே பாவாடை அகன்று கொஞ்சம் மேலேறும், காலணி முழுசாகத் தெரியும். புகைப்படக்காரர் எட்வர்ட் ஸ்டைக்கன் 1911-ல் பாரிஸ் வடிவமைப்பாளர் பால் புவாரேயின் கவுன்களை எடுத்த படங்களை நவீன ஃபேஷன் புகைப்படத்தின் தொடக்கமாகப் பலர் சொல்வார்கள். அந்தக் காலத்துப் படம் என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

1920-களில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அந்தப் பத்தாண்டு என்றாலே முழங்கால் தெரியும் கவுன் என்று மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் பாவாடை முழங்கால் வரை ஏறியிருந்தது 1926 முதல் 1928 வரையான சில ஆண்டுகள்தான். 1922, 1923-ல் அது கணுக்காலுக்குச் சற்று மேலேதான் இருந்தது. அந்தக் காலத்தைக் காட்டிக்கொடுப்பது நீளமில்லை, இடுப்பு. இடுப்புக்கோடு இடுப்பெலும்புக்கு இறங்கி, உடல் குழாய் மாதிரி நேராக இருக்கும். புருவம் வரை இறங்கிய மணி வடிவத் தொப்பி அதற்குத் துணைச் சாட்சி.

1929, 1930-ல் விளிம்பு சட்டென்று இறங்கும், இடுப்பு தன் இடத்துக்குத் திரும்பும். துணியை மூலைவாட்டில் வெட்டித் தைத்த இரவு கவுன் உடம்போடு வழிந்து இறங்கும், முதுகு திறந்திருக்கும். 1930-களின் பிற்பாதியில் தோள் அகலத் தொடங்கும். படத்தின் போக்கும் இங்கே உதவும். 1933-ல் புகைப்படக்காரர் மார்ட்டின் முன்காச்சி கடற்கரையில் ஓடும் மாடலை ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காக எடுத்த பிறகுதான் ஓடுவதும் குதிப்பதும் ஃபேஷன் படங்களில் சகஜமாயின. 1920-களின் படம் என்று சொல்லப்படுவதில் மாடல் காற்றில் பறந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

1940-களின் முற்பாதிக்குச் சதுரத் தோள், முழங்காலை ஒட்டிய குட்டைப் பாவாடை, சிக்கனமான துணி. இதற்குக் காரணம் ரசனை மட்டுமில்லை. பிரிட்டனில் 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை துணிக்கு ரேஷன் இருந்தது. அமெரிக்காவிலும் 1942-ல் உடைக்கு எவ்வளவு துணி செலவழிக்கலாம் என்று கட்டுப்பாடு வந்தது. அதனால் மடிப்பு, பட்டி, ஜேப்பு எல்லாமே குறையும். பிறகு 1947 பிப்ரவரி 12. பாரிஸ் வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் உடைத் தொகுப்பைக் காட்டிய நாள். தோள் வளைந்து இறங்குகிறது, இடுப்பு ஒடுங்குகிறது, பாவாடை கெண்டைக்கால் வரை மீட்டர் கணக்கில் விரிகிறது. இந்த உருவத்தைப் பார்த்தால் "1947-க்குப் பின்" என்று துணிந்து எழுதலாம். எனக்கு மிகவும் பிடித்த எல்லைக்கோடு இது, இவ்வளவு தெளிவாக வேறொன்று கிடைப்பதில்லை.

1950-களில் விரிந்த பாவாடையும் ஒட்டிய பென்சில் பாவாடையும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. 1960-களின் முதல் மூன்று வருடம் 1950-களின் நீட்சிதான், அங்கே உடையை மட்டும் நம்பி ஆண்டு போடாதீர்கள். முழங்காலுக்கு மேலே ஏறிய விளிம்பு 1964, 1965-ல்தான் ஃபேஷன் பக்கங்களைப் பிடிக்கிறது. 1970-களில் குட்டை, நடுத்தரம், தரையைத் தொடுவது என எல்லா நீளமும் ஒரே சமயத்தில் இருந்ததால் நீளம் எதையும் நிரூபிக்காது. அங்கே காலர் அகலம், கால்சட்டையின் மணி விரிவு இவற்றைப் பாருங்கள். 1980-களில் பெரிய தோள் பஞ்சு.

ஆண்கள் உடை ஆமை வேகத்தில் மாறும். கோட் மடிப்பும் டையும் 1960-களின் தொடக்கத்தில் ஒல்லி, 1970-களில் அகலம். அவ்வளவுதான் என்னால் நம்பிக்கையாகச் சொல்ல முடிகிறது.

வீட்டு ஆல்பம், ஸ்டுடியோ குடும்பப் படம் என்றால் கணக்கு வேறு. பத்திரிகைப் படம் தெருவுக்கு முன்னால் ஓடும், குடும்பப் படம் பின்னால் நடந்து வரும். குழுவாக இருந்தால் ஆக இளைய பெண்ணின் உடையை வைத்துத் தேதி போடுங்கள். வயதானவர்கள் தங்கள் இளமைக்கால மோஸ்தரை லேசில் விடுவதில்லை.

3. திரும்பி வந்த மோஸ்தரைப் பிடிக்க முகத்தைப் பாருங்கள்

பழைய பாணி திரும்பத் திரும்ப வரும். 1971 ஜனவரியில் ஈவ் சான் லோரான் போர்க்காலத் தோளையும் குட்டைப் பாவாடையையும் அப்படியே மீண்டும் மேடையேற்றினார். 1980-களின் தோளையும் தூரத்தில் பார்த்தால் 1940-கள் போலத்தான் இருக்கும். பழைய காலக் கதைக்கான சினிமா ஸ்டில்களும் சந்தையில் "ஒரிஜினல்" என்று உலவுகின்றன.

உடை தயாரிப்பவர் பழையதை நகலெடுப்பார். ஒப்பனைக்காரர் தன் காலத்தை முழுசாக விடமாட்டார். புருவத்தைப் பாருங்கள். 1930-களின் தொடக்கத்தில் அது பென்சிலால் கீறிய ஒற்றைக் கோடு. 1940-களில் கொஞ்சம் சதைப்பிடிக்கும். 1950-களில் வளைந்து கருத்திருக்கும். 1960-களில் கவனம் முழுக்கப் பொய் இமைக்கும் கண்கோட்டுக்கும் போய்விடும். 1920-களின் கவுன், 1960-களின் கண் என்று ஒரே படத்தில் இருந்தால் அது 1960-களின் படம். காலின் பின்பக்கத்தில் ஓடும் ஸ்டாக்கிங் தையல் கோடும் பயன்படும். 1950-கள் வரை அது சாதாரணம், 1960-களில் தையலில்லாத ரகம் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

4. தாளைச் சோதியுங்கள்

ஃபிரேமைப் பிரிக்காமல் வாங்காதீர்கள். "பிரித்தால் கெட்டுவிடும்" என்று விற்பவர் சொன்னால், அவரையே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம். பின்பக்கத்தைச் சுத்தமான விரலால் லேசாகத் தொடுங்கள். வழவழவென்று பிளாஸ்டிக் உணர்வு இருந்தால் அது ரெசின் பூசிய தாள். கலர் பிரிண்டுக்கு 1960-களின் கடைசியிலும், கறுப்பு வெள்ளைக்கு 1970-களின் தொடக்கத்திலும்தான் அது வந்தது. அதற்கு முந்தைய வின்டேஜ் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

இரண்டாவது, யூவி (புற ஊதா) டார்ச். வாங்கும்போது 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 395 ரகம் ஊதா வெளிச்சத்தையே அதிகம் கொட்டும், எது ஒளிர்கிறது என்று குழப்பும். அறையை இருட்டாக்கி, ஒரு சாதாரண அலுவலகத் தாளைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் மீதும் சில நொடிகள் மட்டும் அடியுங்கள். அலுவலகத் தாள் நீல வெள்ளையாகப் பளீரிடும். பிரிண்டின் வெள்ளை ஓரமும் அதேபோல் பளீரிட்டால் அந்தத் தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. புகைப்படத் தாளில் அதைச் சேர்க்கத் தொடங்கியதே 1950-களில்தான். ஆக, ஒளிரும் "1930-களின் பிரிண்ட்" என்று ஒன்று இருக்க முடியாது. மறுபக்கத்தை மறந்துவிடாதீர்கள், ஒளிராத தாள் எல்லாம் பழசு என்று அர்த்தமில்லை. பிற்காலத்திலும் அந்த ரசாயனம் இல்லாத தாள்கள் விற்றன.

மூன்றாவது, படத்தைச் சாய்த்து விளக்கொளியில் பாருங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் பிரிண்டுகளின் கரிய பகுதிகளில், குறிப்பாக ஓரங்களில், நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு படர்ந்திருக்கும். படத்திலுள்ள வெள்ளி மெல்ல மேலே வருவதுதான் அது. குறைதான், ஆனாலும் எனக்கு அதைப் பார்த்தால் நிம்மதி.

கலர் பிரிண்டில் 1950, 60-களின் பல தாள்கள் இன்று சிவப்பேறிப் போயிருக்கும். நீலம் சார்ந்த சாயம் முதலில் வெளுப்பதே காரணம். பழைய கலர் பிரிண்ட் நேற்று எடுத்தது போல் இருந்தால் மகிழ்வதற்கு முன் கேள்வி கேளுங்கள். ஓரத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருந்தால் அது பிரிண்ட் போட்ட தேதி. ஃபிலிம் கேமராவிலேயே மாதக்கணக்கில் கிடந்திருக்கலாம்.

5. பின்பக்கத்தைப் படியுங்கள்

புகைப்படக்காரரின் முத்திரை, ஏஜென்சி முத்திரை, ஒட்டிய குறிப்புச் சீட்டு, ஆசிரியர் போட்ட மெழுகுப் பென்சில் கோடு எல்லாம் பொக்கிஷம். அழிக்காதீர்கள், சீட்டைப் பிய்க்காதீர்கள். முத்திரையில் இருக்கும் தேதி எதன் தேதி என்று யோசியுங்கள். அது அலுவலகத்துக்கு வந்த நாளாகவோ இதழில் வெளியான நாளாகவோ இருக்கலாம். ஃபேஷன் இதழ்கள் மாதங்களுக்கு முன்பே படம் எடுத்துவிடும். குளிர்காலக் கம்பளிக் கோட்டைக் கொளுத்தும் கோடையில் போட்டுக்கொண்டு நிற்பதுதான் மாடலின் பிழைப்பு.

முத்திரையில் முகவரி இருந்தால், அந்த ஸ்டுடியோ அங்கே எந்த ஆண்டுகளில் இருந்தது என்று பழைய டைரக்டரிகளில் தேடுங்கள். எனக்கு அரை மணி நேரத் தேடலில் ஒரு படத்தின் கால எல்லை இருபதிலிருந்து நான்கு வருடமாகச் சுருங்கியது.

6. ரசீதில் என்ன எழுத வேண்டும்

காசு கொடுப்பதற்கு முன் கேட்டு வாங்குங்கள். கொடுத்த பிறகு கேட்டால் பதில் தாமதமாகும், அப்புறம் வரவே வராது. ரசீதில் இவை வேண்டும்: புகைப்படக்காரர் பெயர், நெகட்டிவ் ஆண்டு, பிரிண்ட் ஆண்டு, பிரிண்ட் வகை, படத்தின் அளவும் தாளின் அளவும், கையெழுத்து அல்லது முத்திரை விவரம், சேதம் ஏதும் இருந்தால் அது, திருப்பித் தரும் கெடு. நெகட்டிவ் ஆண்டும் பிரிண்ட் ஆண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். "1950-களின் படம்" என்ற ஒற்றை வரிதான் என்னைக் கவிழ்த்தது. அது சட்டப்படி பொய்யே இல்லை.

கூடவே முன்பின் பக்கங்களின் படங்களையும், இதற்கு முன் யாரிடமிருந்து வந்தது என்ற குறிப்பையும் வாங்குங்கள். விற்பவரே கையெழுத்துப் போட்டுத் தரும் "உண்மைச் சான்றிதழ்" வெறும் அலங்காரம்.

7. விலைக்கு மேலே வரும் செலவு

ஏலத்தில் சுத்தியல் விழும் தொகை இறுதித் தொகை அல்ல. வாங்குபவர் கட்டணம் என்று பொதுவாக 20 முதல் 30 சதவீதம் வரை மேலே சேரும், அதன் மேல் வரி. இணையம் வழியாக ஏலம் கேட்டால் சில இடங்களில் இன்னொரு சிறு கட்டணமும் உண்டு. ஆகவே உங்கள் உச்சத் தொகையைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு, ஏலம் தொடங்கும் முன் காகிதத்தில் எழுதி வையுங்கள். சூட்டில் கை தானாக உயரும்.

வெளிநாட்டிலிருந்து வந்தால் பல நாடுகளில் பொருள் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டித்தான் சுங்கவரி போடுவார்கள். புகைப்படங்களுக்கான சுங்கக் குறியீடு 4911.91. நூறு வருடத்துக்கு மேல் பழையவற்றுக்கு 9706 என்ற தலைப்பு உண்டு, வரி விகிதம் வேறாக இருக்கலாம். குறியீட்டை விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, பார்சல் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒருமுறை வெறுமனே "அலங்காரப் பொருள்" என்று எழுதி அனுப்பியதால் என் பார்சல் மூன்று வாரம் சுங்கத்தில் தூங்கியது. பிறகு ஃபிரேம், அமிலமில்லாத அட்டை, யூவி தடுக்கும் கண்ணாடி. முதல் வாங்கலில் இந்தச் சில்லறை எல்லாம் சேர்ந்து பிரிண்ட் விலையில் பாதியை எட்டியது எனக்கு.

8. வெளியிடுவதாக இருந்தால்

பிரிண்ட் உங்களுடையது, பதிப்புரிமை உங்களுடையது அல்ல. புத்தகத்தில் போடவோ கண்காட்சி அழைப்பிதழில் அச்சிடவோ அனுமதி வேண்டும். பல நாடுகளில் புகைப்படக்காரர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். அமெரிக்காவில் 1978-க்கு முன் முறைப்படி வெளியானவற்றுக்கு, உரிமை விடாமல் காக்கப்பட்டிருந்தால், வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. 1930-ல் வெளியானவற்றுக்கு அந்த உரிமை 2025 கடைசி வரைதான்.

அனுமதிக் கடிதத்தில் எந்தப் படம், எந்த அளவு, எத்தனை பிரதி, எந்த நாடுகள், எவ்வளவு காலம் என்று ஐந்தையும் முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். கட்டணம் இவற்றைப் பொறுத்துத்தான். பதில் வர இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். பத்திரிகைக்கா புகைப்படக்காரரின் வாரிசுக்கா உரிமை என்று தெளிவாகவே சில சமயம் ஒரு மாதம் போய்விடும்.

9. பார்சல் வந்த அன்றைக்கே

பிரிப்பதை வீடியோ எடுங்கள். திருப்பித் தரும் கெடு பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும், எனவே 4, 5-ம் படிகளை அன்றே மறுபடி செய்யுங்கள். வாரக்கடைசிக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

சரியாக இருந்தால் பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். பிவிசி உறை வேண்டாம், காலப்போக்கில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். உறைகள் பிஏடி என்ற புகைப்படச் சோதனையில் தேறியவையா என்று அட்டையில் பாருங்கள். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம், வெயில் படாத குளிர்ந்த அலமாரி. ஃபிரேம் போட்டால் பசையோ டேப்போ படத்தில் படவே கூடாது, படத்தின் மூலைகளைச் சின்னத் தாள் உறைகளில் செருகி நிறுத்தச் சொல்லுங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டைச் சட்டம் இடைவெளி விடட்டும். ரசீதின் நகலை ஃபிரேமுக்குப் பின்னால் ஓர் உறையில் வைத்து, நெகட்டிவ் ஆண்டையும் பிரிண்ட் ஆண்டையும் அந்த உறை மேல் பென்சிலால் எழுதுங்கள். படத்தின் பின்னால் எழுத வேண்டாம்.